கதைப்புத்தகப் படத்திலிருந்து கவலை உருளைக்கு அளவெடுத்தல்

கேரள எல்லையில் பாலக்காட்டுப் பக்கம் உள்ள கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்துத் தோட்டங்களில் மின்மோட்டார் வந்தபின், மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலையை ஓட்டுவது நின்றுபோய், அதன் கயிறு ஓடும் மர உருளை விறகாகவும், நீர் அள்ளும் சால் பழைய இரும்பாகவும் போய்விட்டன. பள்ளிக் கண்காட்சிக்காக ஒரு கவலையைச் செய்ய முனைந்தபோது என் கையில் இருந்தது பழைய சிறுவர் கதைப்புத்தகப் படம் ஒன்றுதான்.

அளவு குறிக்காத படத்தில் முதலில் தேட வேண்டியது, உண்மை அளவு நமக்குத் தெரிந்த ஒரு பொருளை. ஆலையில் செய்த பொருளே நல்லது. பழைய 4 காலன் மண்ணெண்ணெய்த் தகரம் படத்தில் இருந்தால், அதன் உயரம் ஏறத்தாழ 14 அங்குலம் என்று கொள்ளலாம். மனித உருவத்தைக் கொள்வதானால் தலையை அளந்து பார்க்க வேண்டும்: வளர்ந்த ஆளின் உயரம் தலையைப்போல் ஏழு, ஏழரை மடங்கு இருக்கும், ஓவியர் ஐந்து மடங்கில் முடித்திருந்தால் அந்த ஆளை விட்டுவிடுவதே மேல். குழந்தைகளின் உருவத்தை நான் தொடுவதே இல்லை.

அளவுகோலும் அளக்கும் பொருளும் பார்ப்பவரிடமிருந்து ஒரே தொலைவில் இருப்பது அவசியம். முன்னால் நிற்கும் ஆளைக் கொண்டு பின்னால் இருந்த உருளையைக் கணக்கிட்டு, ஒரு சாண் விட்டம் என்று நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்த ஆசாரி, "குடத்துல தண்ணி சேந்தற ராட்டினத்துக்குத்தானுங்க இது ஆகும்" என்று திருப்பித் தந்துவிட்டார். தொலைவு வேறுபட்டால் தொடுவானக் கோடு உதவும். சமதரையில் நிற்பவை எல்லாவற்றையும் அது ஒரே உயரத்தில் வெட்டும் என்பதால், முன்னாலிருக்கும் ஆளின் தோளில், அதாவது ஏறக்குறைய நாலரை அடியில், அக்கோடு சென்றால், பின்னாலுள்ள கிணற்றுத் தூணிலும் அது வெட்டும் இடம் நாலரை அடிதான். தூணின் உயரம் கிடைத்துவிட்டால், அதில் மாட்டிய உருளைக்குத் தூணே அளவுகோல்.

சாய்வாக வரைந்த உருளை நீள்வட்டமாகத் தெரியும். அதன் நீளமான குறுக்களவே உண்மையான விட்டம். உருளையை ஒட்டியே ஓர் ஆள் நின்றால் கணக்கு இன்னும் எளிது. படத்தில் ஆள் 62 மில்லிமீட்டர், உருளை 21 மில்லிமீட்டர். ஆளின் உயரம் 165 சென்டிமீட்டர் என்றால் உருளை சுமார் 56 சென்டிமீட்டர். ஆள் 155 முதல் 172 வரை இருக்கலாம் என்று வைத்தால் விடை 52 முதல் 58 வரை விரியும். ஆசாரியிடம் அந்த இடைவெளியைத்தான் சொல்ல வேண்டும்.

கதையின் வாசகத்தையும் விடக்கூடாது. மலையாளப் புத்தகத்தில் 'கோல்' என்று வந்தால், கேரளத் தச்சர் கணக்கில் அது 24 விரல், அதாவது 72 சென்டிமீட்டர். நம் முழமான 18 அங்குலத்தோடு அதைக் குழப்பினால் கிணறே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகிவிடும். மாடுகள் இறங்கி நடக்கும் சரிவின் நீளமும் சால் மேலேறும் ஆழமும் ஏறத்தாழச் சமம் என்பதால், சரிவை அளந்து ஆழத்தோடு ஒப்பிடலாம். தூர்ந்த கிணறுகளின் மேட்டில் கவலைக் கல்தூண்கள் இன்னும் நின்றால், அவற்றுக்கு இடைப்பட்ட அகலத்தை நாடாவால் அளந்துவிட்டே மரத்தை அறுக்கச் சொல்லுங்கள்.