கூட்டாகப் பிள்ளை பார்க்கும் ஏற்பாட்டிலிருந்து ஒரு குடும்பம் விலகினால் அக்காவின் சம்பளத்தை எப்படிச் சரிசெய்வது?

மலேசியாவின் பினாங்கில் சுங்கை ஆரா, ரெலாவ், பாயான் பாரு பக்கம் கணவன் மனைவி இருவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் வீடுகளில், இரண்டு குடும்பங்கள் சேர்ந்து பிள்ளை பார்க்க ஓர் அக்காவை அமர்த்திக்கொள்வதுண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் செலவு குறைகிறது. அக்காவுக்கோ ஒரே வீட்டில் கிடைப்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது.

ஒரு குடும்பம் விலகும்போதுதான் சிக்கல். விலகுகிறவர்கள், "எங்கள் பங்கு இந்த மாதத்தோடு முடிந்தது" என்கிறார்கள். இருப்பவர்கள், "எங்கள் பங்கை நாங்கள் குறைக்கவில்லையே" என்கிறார்கள். இரண்டு பேச்சும் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அக்காவின் கைக்கு வருவது பாதியாகிவிடும். அவருடைய வீட்டு வாடகை பாதியாகாது. ஆகவே, கணக்கை உங்கள் பையிலிருந்து தொடங்காமல் அவருடைய கையிலிருந்து தொடங்குங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை வைத்தே எழுதப்பட்டவை.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம்: இரண்டு குடும்பங்கள், ஆளுக்கு ஒரு பிள்ளை. அக்காவின் மாதச் சம்பளம் 1,900 ரிங்கிட். வீட்டுக்கு 950.

படி 1: அக்கா எங்கே வேலை செய்கிறார் என்று பாருங்கள்

அவர் உங்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்தால், அவர் வீட்டுப் பணியாளர். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் அவருக்கு இடம் உண்டு. பிள்ளைகளை அவருடைய வீட்டில் கொண்டுபோய் விட்டால், அவர் பெரும்பாலும் சொந்தத் தொழில் செய்பவராகவே கருதப்படுவார். அப்போது நீங்கள் பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம்தான் முக்கியம்.

வெளிநாட்டுப் பணிப்பெண்ணை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ள முடியாது. அவருடைய பெர்மிட் ஒரே முதலாளிக்குரியது. இந்தக் கட்டுரை உள்நாட்டவரைப் பற்றியது மட்டுமே.

படி 2: முன்னறிவிப்பு

வீட்டுப் பணியாளரை நிறுத்துவதற்கு, ஒப்பந்தத்தில் வேறு ஏதும் சொல்லப்படாவிட்டால், 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். தராவிட்டால் அந்த 14 நாள் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்கிறது வேலைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. இது அடிமட்ட அளவு. சம்பளத்தில் பாதி போகும்போது வேறு பிள்ளையைத் தேட இரண்டு வாரம் போதாது. விலகும் குடும்பம் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேலை மாற்றத்தால் உடனே ஜொகூருக்குப் போகிறார்களா? பிள்ளை வராவிட்டாலும் அந்த ஒரு மாதப் பங்கான 950 ரிங்கிட்டைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

செய்தியை அக்காவிடம் விலகும் குடும்பமே சொல்ல வேண்டும். முடிந்தால் இரண்டு குடும்பங்களும் ஒன்றாக உட்கார்ந்து சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது அதற்குப் பிறகு, எழுத்தில் இருப்பதற்காக மட்டும். இப்படி எழுதலாம்:

"அக்கா, இன்று பேசியதுபோல் எங்கள் மகன் அக்டோபர் 18 வரை வருவான். நவம்பர் 17 வரைக்குமான எங்கள் பங்கைக் கொடுத்துவிடுகிறோம். முன்பணம் பாக்கி ஏதும் இல்லை."

படி 3: கடைசி மாதக் கணக்கு

மாத நடுவில் முடியும்போது எதை வைத்து வகுப்பது என்ற குழப்பம் வரும். சிலர் 30ஆல் வகுப்பார்கள், சிலர் 26ஆல். முழுமையடையாத மாதத்துக்குச் சட்டத்தின் 18ஏ பிரிவு சொல்லும் வழி எளிது: மாதச் சம்பளத்தை அந்த மாதத்தின் மொத்த நாள்களால் வகுத்து, சம்பளத்துக்குரிய நாள்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அக்டோபருக்கு 31 நாள். 950ஐ 31ஆல் வகுத்து 18ஆல் பெருக்கினால் 551 ரிங்கிட் 61 சென். முன்னறிவிப்புக் காலத்துக்கான பணம் இதற்கு மேல் தனி.

அக்கா முன்பணம் வாங்கியிருந்தால், எந்தக் குடும்பத்திடம் வாங்கினார் என்று இப்போதே தெளிவாக்குங்கள். விலகுகிறவரிடம் வாங்கிய கடனை இருப்பவர் தரும் பங்கில் பிடிக்கக் கூடாது. தீபாவளிக்கு இரண்டு வீடும் சேர்ந்து பணம் தருவதாகச் சொல்லியிருந்தால், விலகும் குடும்பம் அதுவரை கழிந்த மாதங்களுக்கு ஏற்பத் தன் பங்கைத் தர வேண்டும். அவர் அந்தப் பணத்தை நம்பி ஏற்கெனவே திட்டம் போட்டிருப்பார்.

படி 4: இனி ஒரு பிள்ளைக்கு எவ்வளவு?

மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. "ஒரே பிள்ளைதானே, பாதிச் சம்பளம் போதும்" என்ற பேச்சை எடுக்காதீர்கள். பிள்ளை ஒன்று குறைந்தால் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி துவைப்பது குறையும். அக்கா காலை ஏழு மணிக்கு வருவதும் மாலை ஆறு மணிக்குப் போவதும் குறையாது. அந்த நேரத்தில் அவர் வேறெங்கும் சம்பாதிக்க முடியாது. நீங்கள் கொடுத்துவந்த 950 இன்னொரு வீடும் சேர்ந்து கொடுத்ததால் அமைந்த சலுகை விலை. ஒரு பிள்ளையைப் பார்ப்பதற்கான விலை அதுவல்ல.

உங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரே பிள்ளையை நாள் முழுக்கப் பார்ப்பவருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று இரண்டு மூன்று வீடுகளில் கேளுங்கள். 1,500 என்று வந்தால் அதுதான் உங்கள் தொடக்கம். பிறகு அக்காவிடமே கேளுங்கள்: "அக்கா, எவ்வளவு வந்தால் நீங்கள் வேறு வேலை தேடாமல் இருக்க முடியும்?" அவர் தயங்கினால் நீங்களே தொகையைச் சொல்லுங்கள், கூச்சத்தால் குறைத்துச் சொல்லும்படி விட்டுவிடாதீர்கள்.

1,500 உங்களால் முடியாது என்றால் நேரத்தைக் குறைக்கலாம். தினமும் இரண்டு மணி நேரம் வெட்டுவதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. வாரத்தில் இரண்டு நாளை முழுதாக விட்டுக்கொடுங்கள். அந்த இரண்டு நாளில் அவர் வேறு வீட்டுக்குப் போகலாம். ஷிஃப்ட் வேலை செய்யும் பெற்றோருக்கு இது பல நேரங்களில் பொருந்தியே வரும்.

விலகிய குடும்பத்தின் முன்னறிவிப்புக் காலம் முடியும்வரை அக்காவுக்கு 1,900 தொடர்கிறது. இந்தப் பேச்சை அந்தக் காலத்துக்குள் முடித்துவிடுங்கள். புதுத் தொகை எந்தத் தேதியிலிருந்து என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். சம்பள நாளில் உறையைப் பிரித்துப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

படி 5: புதுக் குடும்பம்

ஆள் பார்க்கும் முன் அக்காவின் சம்மதத்தைக் கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளை போன இடத்தில் ஐந்து மாதக் குழந்தை வந்தால் வேலை கூடுகிறது. பழைய 950 அப்படியே பொருந்தாது. இரண்டு குடும்பங்களைச் சேர்க்கும் ஆசை வந்தால் எண்ணிக்கையைக் கவனியுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேர் ஆகிவிட்டால், 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின் கீழ் பதிவு பற்றிச் சமூகநல இலாகாவிடம் கேட்க வேண்டியிருக்கும்.

படி 6: சொக்சோ

2021 ஜூன் 1 முதல் வீட்டுப் பணியாளர்களையும் சொக்சோவில், அதாவது வேலையில் விபத்து நேர்ந்தால் உதவும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், பதிய வேண்டும். பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் பொதுவாக ஒரு குடும்பத்தின் பெயரில்தான் பதிவு இருக்கும். விலகுவது அந்தக் குடும்பம் என்றால், பதிவு உங்கள் பெயருக்கு மாற வேண்டும். 30 நாளுக்குள் பதிந்து, சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டுங்கள். இடையில் ஒரு நாள்கூட விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொதிநீர் காலில் கொட்டுவதற்கு ஒரு நாள் போதும். அவர் தம் சொந்த வீட்டில் பார்ப்பவர் என்றால், சொக்சோவின் சொந்தத் தொழில் செய்வோருக்கான திட்டத்தில் சேர உதவுங்கள். ஆண்டுச் சந்தாவை நீங்களே கட்டினால் இன்னும் நல்லது.

இபிஎப் (ஊழியர் சேமநிதி) வீட்டுப் பணியாளருக்குக் கட்டாயமில்லை, விரும்பினால் கட்டலாம். குறைந்தபட்சச் சம்பள ஆணையும் அவர்களுக்குப் பொருந்தாது. சட்டம் கைவிட்ட இந்த இடத்தில் நாம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

படி 7: புதுத் தாள்

ஒரு பக்கம் போதும். மாதத் தொகை, சம்பளத் தேதி (மாதம் முடிந்து 7ஆம் நாளுக்குள்), வேலை நேரம், விடுமுறை, ஒரு மாத முன்னறிவிப்பு ஆகியவை அதில் இருக்கட்டும். புதுக் குடும்பம் சேர்ந்தால் இன்னொரு வரி: "ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாதப் பங்கைத் தொடக்கத்திலேயே தனியாக எடுத்துவைக்கும். சொல்லாமல் விலகினால் அந்தப் பணம் அக்காவுக்கு." அக்காவுக்குப் பழக்கமான மொழியில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்திட்ட பிரதி ஒன்றை அவரிடமே கொடுங்கள்.