லிப்போசோமில் ரெய்ஷி சாறு: ஆய்வேடு வரை போய்விடும் தவறுகள்

ரெய்ஷி என்ற மருத்துவக் காளானின் சாற்றை, லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழிலோ வேறு நானோ துகளிலோ ஏற்றும் ஆய்வுகளில் நடக்கும் தவறுகள் இவை. தராசைச் சரிபார்க்காதது, குப்பிக்குப் பெயர் ஒட்டாதது போன்றவற்றை விட்டுவிடுவோம். அவை ஒரே வாரத்தில் தாமாகவே மாட்டிக்கொள்ளும்.

வெறும் ‘காளான் சாறு’ என்று எழுதுவது

ரெய்ஷியை வெந்நீரில் காய்ச்சினால் பீட்டா குளுக்கான் முதலான பாலிசாக்கரைடுகள் இறங்கும். எத்தனாலில் ஊறவைத்தால் கானோடெரிக் அமிலங்கள் உள்ளிட்ட டிரைடெர்பினாய்டுகள் வரும். முதலாவது நீரில் கரையும் பெருமூலக்கூறு. கைட்டோசான் போன்ற பாலிமர் துகளே அதற்குப் பொருத்தம். இரண்டாவது நீரில் கரையாமல் அடம்பிடிக்கும். அதற்குத்தான் லிப்போசோமின் கொழுப்புப் படலம்.

தானியத்தில் வளர்த்த மைசீலியப் (காளான் இழை) பொடி என்றால் மாவுச்சத்தும் கூடவே வரும். மொத்தச் சர்க்கரையை அளக்கும் பீனால்-கந்தக அமிலச் சோதனை அதையும் சேர்த்தே எண்ணும். ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமானால், துகளுக்குள் ஏற்றப்போவதில் ஒரு பங்கு சோறு.

‘95 சதவீதம் ஏறிவிட்டது’

எரிச்சலூட்டுவது இதுதான். பாஸ்பாடிடைல்கோலின் என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், எத்தனால் சாறு மூன்றையும் கரைத்து, கரைப்பானை ஆவியாக்கி, மெல்லிய படலத்தில் பஃபர் ஊற்றிக் குலுக்குவார்கள். பிறகு சிறிய சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் நீரில் எவ்வளவு மருந்து என்று அளப்பார்கள். கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. உடனே மீதியெல்லாம் லிப்போசோமுக்குள் என்று கழித்து எழுதிவிடுவார்கள்.

கானோடெரிக் அமிலம் நீரில் கரையாது என்பதால்தானே லிப்போசோமே தேடினோம்? உள்ளே ஏறாத அமிலம் மட்டும் எப்படிக் கரைந்து நிற்கும்? அது திரண்டு அடியில் படிகிறது. அந்த வேகத்தில் 100 நானோமீட்டர் லிப்போசோம் சரியாக இறங்காது. அதற்குப் புவியீர்ப்பைப் போல 100,000 மடங்கு, அதாவது 100,000 ஜி அளவிலான விசை வேண்டும். அந்த விசையில் சுற்றினாலும் திரளும் லிப்போசோமும் ஒன்றாகவே படியும். சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையும் திரளை வெளியே விடாது. எந்த வழியில் போனாலும் ஏறாதது ஏறியதாகவே கணக்காகும்.

சோதிக்க எளிய வழி உண்டு. கொழுப்பே சேர்க்காமல், அதே அளவு சாற்றை அதே பஃபரில் கலக்கி அதே முறையில் அளந்து பாருங்கள். அதற்கும் 95 சதவீதம் வந்தால் கணக்கு செத்தது.

சரியான முறையில், முதலில் 3,000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றித் திரளைப் பிரிக்க வேண்டும். மேலே உள்ள கலங்கலில் ஒரு பங்கை ஒன்பது பங்கு மெத்தனாலில் உடைத்து, எச்.பி.எல்.சி.யில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) 254 நானோமீட்டரில் அளக்க வேண்டும். அடியில் படிந்ததையும் எத்தனாலில் கரைத்துத் தனியே அளக்க வேண்டும். இரண்டின் கூட்டல், போட்ட அளவில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் வராவிட்டால் எதையும் எழுதாதீர்கள். டிரைடெர்பினாய்டை நிறத்தால் அளக்கும் வனிலின்-பெர்குளோரிக் அமிலச் சோதனையை இங்கே நம்பவும் கூடாது. அது கொலஸ்ட்ராலுக்கும் நிறம் கொடுக்கும், வெற்று லிப்போசோமே ‘மருந்து’ காட்டும்.

எண்ணோடு முடிந்தால் பரவாயில்லை. எலிக்கான டோஸும் இதே எண்ணிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. திரளோடு சேர்த்து வால் சிரையில் ஏற்றினால் பெரிய துகள்கள் நுரையீரல் தந்துகிகளில் அடைத்துக்கொள்ளும். எலி செத்தால் அந்தச் சாவு ‘மருந்தின் நச்சுத்தன்மை’ என்று பதிவாகும்.

எண்டோடாக்சினை மறப்பது

மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைச் சுரந்தால் காளானின் வெற்றி என்று துள்ளுகிறார்கள். பாக்டீரியாவின் செல்சுவர் நச்சான எண்டோடாக்சின் நானோகிராம் கணக்கில் இருந்தாலே அதைச் செய்யும். சோதிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது: எண்டோடாக்சினைக் கண்டறியும் சாதாரண எல்.ஏ.எல். சோதனை பீட்டா குளுக்கானுக்கும் நேர்மறை காட்டும். குளுக்கான் தடுப்பு பஃபர் சேருங்கள், அல்லது குளுக்கானுக்கு மசியாத ரீகாம்பினன்ட் ஃபேக்டர் சி கிட் வாங்குங்கள்.

செல் இல்லாத கிணறு இல்லாமல் எம்.டி.டி.

எம்.டி.டி. சோதனையில் உயிருள்ள செல்கள் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். செல் இல்லாத கிணற்றில் (தட்டின் குழி) கூடச் சாறே அந்தச் சாயத்தை ஊதாவாக்கும்.

கைட்டோசான் துகளைப் பி.எச். 5-இல் மட்டும் அளப்பது

ரத்தத்தின் பி.எச். 7.4. அங்கே அது திரளும். சீரம் கலந்து 37 டிகிரியில் மறுபடி அளங்கள்.

லிப்போசோமை அப்படியே உறையவைப்பது

கிழியும். டிரெஹலோஸ் என்ற சர்க்கரை சேர்க்காமல் ஃப்ரீஸரைத் திறக்காதீர்கள்.