கபினெட்டுக்கு அடியில் எல்இடி: முதலில் சுவிட்ச் எங்கே?

சுங்கை சிப்புட் பக்கம் சமையலறை விளக்கு வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது ஸ்ட்ரிப் (கபினெட்டுக்கு அடியில் ஒட்டும் எல்இடி பட்டை) விலையைத்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சுவிட்ச் எங்கே வேண்டும்? மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சுவிட்ச் வைக்க இரண்டு இடம் உண்டு. ஒன்று, 240 வோல்ட் பக்கம். 240 வோல்ட்டை ஸ்ட்ரிப்புக்கு வேண்டிய 12 வோல்ட்டாகக் குறைக்கும் அடாப்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகி, அந்தச் சாக்கெட் சுவிட்சிலேயே போட்டு அணைப்பது. அணைத்தால் அடாப்டரும் ஓய்ந்துவிடும். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் நம் வீடுகளில் அந்தச் சாக்கெட் குளிர்பெட்டிக்குப் பின்னால் அல்லவா ஒளிந்திருக்கும்!

இன்னொன்று 12 வோல்ட் பக்கம்: அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் ஒரு சின்ன சுவிட்ச், அல்லது கையசைத்தால் எரியும் சென்சார். எங்கள் அக்காவுக்கு சென்சார்தான் போட்டேன். இட்லி மாவு வழியும் கையோடு சுவிட்சைத் தட்டுகிற ஆள் அவர். சென்சாரைக் குழாய்க்கு மேலே வைக்காதீர்கள். தட்டுக் கழுவக் கை நீட்டும்போதெல்லாம் விளக்கு கண்ணடிக்கும். கபினெட்டின் ஓரத்துக்குத் தள்ளி வையுங்கள். இந்த முறையில் அடாப்டருக்கு இரவும் பகலும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். மைலோ டின்களுக்குப் பின்னால் புதைக்காமல், காற்றுப்படும்படி, பல்லி நுழையாத இடத்தில் வையுங்கள். வாங்கும் சுவிட்சில் 12 வோல்ட் டிசிக்கு (அடாப்டர் தரும் நேர் மின்சாரம்) எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

கணக்கு சுலபம். ஸ்ட்ரிப் மீட்டருக்கு 9.6 வாட் என்றால் இரண்டரை மீட்டருக்கு 24 வாட். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியர். கடையில் 2 ஆம்பியர் அடாப்டரே போதும் என்பார்கள். 3 ஆம்பியர் வாங்குங்கள், அவ்வளவாகச் சூடாகாது. சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம்.

நிறம்? அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். கீரையில் புழு தெரிய வேண்டுமென்றால் 4000 கெல்வின். 3000 மஞ்சளடிக்கும், 6500 ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்.

ஒட்டும் முன்பே எல்லாவற்றையும் மேசையில் இணைத்து எரியவிட்டுப் பாருங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் எரியாது. வெட்டுவது செம்புப் புள்ளிகளுக்கு நடுவில் உள்ள கோட்டில் மட்டும். கிளிப் இணைப்பை விட ஈயம் வைத்துப் பற்றவைப்பது மேல். எண்ணெய்ப் புகையில் கிளிப் நாளடைவில் தளரும். அடுப்புக்கு இரு பக்கமும் கபினெட் இருந்தால், ஒரு பக்க ஸ்ட்ரிப்பின் வாலில் மறுபக்கத்தைத் தொடுக்காதீர்கள். அடாப்டரிலிருந்து இரண்டுக்கும் தனித்தனி வயர் இழுத்தால் கடைசி விளக்கு மங்காது. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் ஸ்ட்ரிப் வேண்டாம்.

அப்புறம், ஒட்டும் இடம். சுவரோரம் ஒட்டினால் டைல்ஸ்தான் பளபளக்கும், வெங்காயம் நறுக்கும் இடம் இருட்டாகவே இருக்கும். கபினெட்டின் முன் விளிம்புக்குப் பின்னால், அலுமினியச் சட்டத்துக்குள் ஒட்டுங்கள். முதலில் அந்த இடத்து எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பசை நிற்காது. பால்நிற மூடி உள்ள சட்டமாக வாங்கினால் மழமழ கல்மேடையில் புள்ளி புள்ளியாகத் தெரியாது.

12 வோல்ட் வேலை வரைக்கும் நீங்களே செய்யலாம். புது சாக்கெட் வேண்டும், சுவருக்குள் 240 வோல்ட் வயர் போக வேண்டும் என்றால், சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.