மாடிப்படி விளக்கும் விழுந்த ஆர்சிசிபியும்

இரண்டாவது ஏசி வாங்கியதும் த்ரீ பேஸுக்கு மாறினோம். புது டிபி பாக்ஸில் (கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் அந்த அளவுக்கு வித்தியாசப்பட்டால், கசிவு என்று எடுத்துக்கொண்டு சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. அன்று முதல் சாயங்காலமானால் ஏதாவது ஒன்று விழும், அதாவது தானாக ஆஃப் ஆகிவிடும். சில நாள் கீழே, சில நாள் மாடியில். கீசரைக் கழற்றினோம், ஆர்சிசிபியை மாற்றினோம், வயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்தும் பார்த்தாயிற்று. கசிவே இல்லை.

கடைசியில் சிக்கியது மாடிப்படி விளக்கு. வெறும் 9 வாட் எல்இடிதான், ஆனால் 230 வோல்ட்டில் அதுவே சுமார் 40 மில்லி ஆம்பியர் இழுக்கும். கீழும் மேலும் இரண்டு இடத்திலும் போட்டு அணைக்கும் அதன் டூ-வே சுவிட்சுக்கு பேஸ் (கரண்ட் வரும் வயர்) கீழ்த்தள ஆர்சிசிபியிலிருந்து வருகிறது. நியூட்ரலை (கரண்ட் திரும்பும் வயர்) மாடி ஆர்சிசிபியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஒரு ஆர்சிசிபி வழியே போன கரண்ட் இன்னொன்றின் வழியே திரும்பினால் இரண்டுக்குமே அது கசிவுதான். பழைய பாக்ஸில் ஆர்சிசிபியே கிடையாது, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

எலக்ட்ரீசியன் மெயினை அணைத்து, மாடி நியூட்ரலைத் துண்டித்து, கீழ் ஆர்சிசிபியின் நியூட்ரல் பாரிலிருந்து (நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டை) விளக்குக்குப் புது வயர் இழுத்தார். அப்புறம் விழவே இல்லை. அப்பாடா!