லூத்ரோவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில், தென்கரையில், லிபியக் கடலைப் பார்த்தபடி லூத்ரோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊருக்குச் சாலை கிடையாது. படகில் வர வேண்டும், இல்லாவிட்டால் மலைப்பாதையில் நடந்து வர வேண்டும். பிறைபோல் வளைந்த சிறிய குடா, அதை ஒட்டி வெள்ளை வீடுகள், பின்னால் செங்குத்தாக எழும் மலை. ஊர் அவ்வளவுதான்.

அவ்வளவுதானே, இரண்டு படகுகளுக்கு இடையே பார்த்துவிடலாம் என்று நினைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அதே தீவின் சமாரியா பள்ளத்தாக்கில் 16 கிலோமீட்டரை நடந்து முடித்தவர்கள், அது கடலைத் தொடும் அகியா ரூமேலி என்ற ஊரில் படகேறுகிறார்கள். லூத்ரோவை மேல்தளத்திலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, கிழக்கே சாலை வசதியுள்ள ஹோரா ஸ்ஃபாகியோன் என்ற ஊருக்குப் போய்விடுகிறார்கள். மாலையில் கடைசிப் படகு கிளம்பிய பிறகு இந்தக் கரையில் இறங்கும் அமைதி அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. இரண்டு இரவாவது தங்குங்கள். முடியாதென்றால் வேறொரு முறை வாருங்கள் என்றுதான் சொல்வேன். அறைகள் குறைவு, கோடையில் முன்பதிவு செய்யாமல் வந்து இறங்காதீர்கள்.

அடுத்தது நடைபாதை. ஹோரா ஸ்ஃபாகியோனிலிருந்து கடலோரமாக லூத்ரோவுக்கு நடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வரைபடத்தில் தூரம் குறைவாகத் தெரிவதால் காலை உணவை ஆற அமர முடித்து, பத்து மணிக்கு மேல் ரப்பர் செருப்போடு கிளம்புகிறார்கள். வழியில் நிழல் அரிது. சில இடங்களில் ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் நேராகக் கடல். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இது ஏற்ற பாதை அல்ல. பிடிப்புள்ள காலணியும் போதுமான தண்ணீரும் கட்டாயம். விடியற்காலையில் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் கிளிகா நெரா கடற்கரையை அடைந்துவிடலாம். அந்தப் பெயருக்கு ‘இனிய நீர்’ என்று பொருள். மலைக்குள் இறங்கிய நீர், அலைக்கு அருகிலேயே கூழாங்கற்களுக்கு அடியில் நன்னீராகக் கசிகிறது. அங்கே ஒரு மணி நேரம் உட்காராமல் கடந்து போவதையும் நான் தவறென்றே எண்ணுகிறேன்.

படகு நேரத்தை ரயில் நேரம்போல நம்பாதீர்கள். காற்று பலமானால் படகு ஓடாது. இது இன்றைய சங்கதி அல்ல. பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில், பவுல் கைதியாகச் சென்ற கப்பல் குளிர்காலத்தைக் கழிக்க நாடிய பீனிக்ஸ் துறைமுகம் லூத்ரோவை ஒட்டிய பகுதிதான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. தீவிலிருந்து திடீரென இறங்கிய கடுங்காற்று அந்தக் கப்பலைத் திசை மாற்றிவிட்டது. அது போய் உடைந்தது மால்டாவில். ஆகவே, தீவின் வடகரை நகரமான ஹானியாவிலிருந்து விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவை ஹானியாவிலேயே கழியுங்கள்.

கடலில் இறங்குமுன் பாறைகளில் கறுப்பு முள்ளுருண்டைகளாக ஒட்டியிருக்கும் கடல் முள்ளெலிகளைக் கவனியுங்கள். நீரில் போடும் காலணி இருந்தால் நல்லது. அழகான கூழாங்கல்லைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிரீஸில் கடற்கரைக் கல்லை எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம்.

உணவகத்தில் பலர் அதிர்வது மீனுக்கான பில்லைப் பார்த்து. பட்டியலில் இருக்கும் விலை பெரும்பாலும் ஒரு கிலோவுக்கானது, ஒரு தட்டுக்கானது அல்ல. மீனைத் தேர்ந்தெடுத்து, எடை போடச் சொல்லி, விலையைக் கேட்டுவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சைவ உணவுக்காரர்கள் சாலட்டோடு பசியாற வேண்டியதில்லை. வேகவைத்து எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றிய ‘ஹோர்தா’ கீரை, வாற்கோதுமை ரஸ்க்கின் மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்த ‘தாகோஸ்’, பாலாடைக்கட்டியை உள்ளே வைத்துச் சுட்டுத் தேன் ஊற்றித் தரும் ஸ்ஃபாகியா ரொட்டி என்று வயிறு நிறையச் சாப்பிடலாம். ‘நே’ என்றால் கிரேக்கத்தில் ஆம் என்று பொருள். இல்லை என்று தவறாகப் புரிந்துகொண்டு எழுந்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காமல் பில் வராது. அதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொண்டு கோபப்படுகிறவர்கள் உண்டு. சாப்பிட்டவரை மேசையிலிருந்து கிளப்புவது அங்கே மரியாதை இல்லை. பில்லோடு பெரும்பாலும் பழமோ இனிப்போ, ஒரு சிறு குப்பியில் ராக்கி என்ற சாராயமோ வரும். அது உணவகத்தார் அன்பாகத் தருவது, அதற்குக் காசு இல்லை. குடிக்காதவர் பழத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.