'பார்' என்ற சொல்லைப் பழகுவது எப்படி?

தமிழ் பழகத் தொடங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கற்கும் சொல் 'பார்'. கண்ணால் பார்ப்பது என்று எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு "அப்பா வங்கியில் வேலை பார்க்கிறார்" என்று யாராவது சொன்னால், மற்றவர்கள் வேலை செய்வதை அவர் வேடிக்கை பார்க்கிறாரோ என்று குழம்புகிறார்கள். நியாயமான குழப்பம்தான். இந்தச் சொல்லுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று கவனித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

படி 1: பார்த்தேன், பார்க்கிறேன், பார்ப்பேன், பார்க்கவில்லை. உரக்கச் சொல்லி மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

படி 2: முன்னால் உள்ள பெயரோடு 'ஐ' என்ற வேற்றுமை உருபு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். "வீட்டைப் பார்த்தோம்" என்றால் ஒரு குறிப்பிட்ட வீடு கண்ணில் பட்டது. "வீடு பார்த்தோம்" என்றால் வாடகைக்கோ விலைக்கோ தேடி அலைந்தோம். 'ஐ' மறைந்ததும் 'ப்' என்ற ஒற்றும் போய்விட்டதைக் கவனியுங்கள். "வேலை பார்க்கிறார்" என்றால் பணியில் இருக்கிறார். "உன் வேலையைப் பார்" என்பதோ என் விஷயத்தில் தலையிடாதே என்ற கண்டிப்பு; பெரியவர்களிடம் தவறியும் சொல்லிவிடாதீர்கள். ஜாதகம் பார்ப்பது, பிரசவம் பார்ப்பது, ருசி பார்ப்பது எல்லாம் இந்த வரிசையில் சேரும். ருசி பார்க்க நாக்குதான் வேண்டும், கண் வேண்டாம்.

படி 3: முன்னால் வினை வந்தால் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. "எழுதிப் பார்த்தேன்" என்றால் எழுதியே விட்டேன். எப்படி வருகிறது என்று அறிவதற்காக எழுதினேன். "எழுதப் பார்த்தேன்" என்றால் முயன்றேன், அவ்வளவுதான். எழுதி முடித்தேனா என்பதற்கு அதில் பதில் இல்லை. "மாடியிலிருந்து விழப் பார்த்தான்" என்று கேட்டால் பதற வேண்டாம், அவன் விழவில்லை, மயிரிழையில் தப்பினான். ஒரே ஓர் எழுத்து, 'எழுதி' என்பதை 'எழுத' ஆக்கி, நடந்ததையும் நடக்காமல் போகக்கூடியதையும் பிரித்துவிடுகிறது.

படி 4: 'பார்த்து' என்ற வடிவத்தில் அக்கறை குடியிருக்கிறது. வாசலில் நின்று வழியனுப்பும் பாட்டி "பார்த்துப் போ" என்பார். கவனமாகப் போ என்று பொருள். "குழந்தையைப் பார்த்துக்கொள்" என்றால் பசி, தூக்கம், அழுகை எல்லாவற்றுக்கும் நீதான் பொறுப்பு. "பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு" என்றால் ஒவ்வொரு செங்கல்லிலும் மனம் வைத்துக் கட்டியது.

படி 5: 'காண்' என்ற சொல்லுக்கு உரிய இடத்தை அதற்கே விடுங்கள். கனவைத் தமிழில் 'காண்கிறோம்'. "குடையைப் பார்க்கவில்லை" என்றால் என் கண்ணில் படவில்லை. "குடையைக் காணவில்லை" என்றால் தொலைந்துவிட்டது, தேட வேண்டும்.

இனி உங்கள் முறை. "பெண்ணைப் பார்க்க வந்தார்கள்", "பெண் பார்க்க வந்தார்கள்". இவற்றில் எந்த வீட்டு அடுப்படியில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் தயாராகும்?