மலிவில் நல்ல ஜாஸ் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஜாஸ் ரெக்கார்டு வாங்க ஆரம்பிக்கும் பலரும் முதலில் தேடுவது அமெரிக்க ஜாஸ் நிறுவனமான ப்ளூ நோட்டின் தட்டுகளைத்தான். 1950, 60களில் அந்த நிறுவனம் வெளியிட்டவற்றில் கேட்கக் கேட்க அலுக்காதவை நிறைய உண்டு, அதனால் ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் உலகம் முழுக்க உள்ள சேகரிப்பாளர்களின் கண்ணும் அங்கேதான். முதல் அச்சுதானா என்று அறிய, தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் எந்த நியூயார்க் முகவரி அச்சாகியிருக்கிறது, பாட்டு முடிந்த பிறகு வரும் வழவழப்பான பகுதியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் முத்திரை இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, சில தட்டுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் அரிய பொருள் என்பதற்காகப் போகிறது. குறைந்த காசில் நல்ல இசை வேண்டும் என்று போகிறவர் இந்தப் போட்டியில் இறங்கவே கூடாது.

இதைவிடப் பெரிய தவறு, ஜாஸின் பொற்காலம் 1960களோடு முடிந்துவிட்டது, அப்புறம் வந்ததெல்லாம் எலக்ட்ரிக் கிடார் சத்தம் என்று நினைத்து 1970களின் தட்டுகளைத் தள்ளிவிடுவது. அந்தப் பத்தாண்டில் பெரிய கம்பெனிகள் ராக் பக்கம் போனது உண்மை. பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் என்று பழைய முறையில் வாசித்தவர்களைச் சின்னச் சின்ன நிறுவனங்கள் தாங்கிப் பிடித்தன. நியூயார்க்கில் மியூஸ், சனாடு, கோபன்ஹேகனில் ஸ்டீபிள்சேஸ், தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் 1973இல் தொடங்கிய பாப்லோ. அட்டைகள் சாதாரணமாக இருக்கும், லேபிளுக்குப் பெரிய மவுசும் கிடையாது. அதனால்தான் இவற்றில் நிறைய இன்னும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன.

ஒரு உதாரணம், ட்யூக் ஜோர்டன். 1947இல் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் குழுவில் பியானோ வாசித்தவர். 'ஜோர்டூ' என்ற, ஜாஸ் கலைஞர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான மெட்டைப் போட்டவர். 60களில் வாய்ப்பில்லாமல் நியூயார்க்கில் டாக்சி ஓட்டினார். 1973இல் ஸ்டீபிள்சேஸுக்காக அவர் பதிவுசெய்த 'ஃப்ளைட் டு டென்மார்க்' ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். அவசரமே இல்லாத வாசிப்பு. ஒவ்வொரு சுரத்தையும் எண்ணி எண்ணி வைப்பார், வைத்ததில் ஒன்றுகூட வீண் இல்லை. இப்படிப்பட்ட ஒருவரின் பெயர் நமக்குப் பழக்கமில்லை என்பதற்காகத் தட்டைத் திரும்பப் பெட்டியில் போடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

அதனால் முன் அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திருப்பிப் பின்னட்டையைப் படியுங்கள். கூட வாசித்தவர்கள் யார், எந்த வருஷம், எந்த ஸ்டூடியோ என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கே இருக்கும். ஜோர்டனின் இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் எட் திக்பென் என்று போட்டிருக்கும். பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனின் மூவர் குழுவில் பல வருஷம் வாசித்தவர் அவர். நல்ல டிரம்மரையும் பாஸ் வாசிப்பவரையும் பெயர் வைத்து அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிட்டால், குழுத் தலைவரின் பெயர் தெரியாத தட்டைக்கூட நம்பி எடுக்கலாம்.

அட்டை அழகாக இல்லை என்று ஒதுக்குவதும் இதே வகைதான். 60களில் பதிவுசெய்து வெளியிடாமல் வைத்திருந்த பல நாடாக்களை 1979 முதல் 'எல்டி' என்று தொடங்கும் எண் வரிசையில் ப்ளூ நோட் வெளியிட்டது. ஜாஸுக்குச் சம்பந்தமே இல்லாத புகைப்படங்களை அட்டையில் போட்டு அந்த வரிசையைக் கெடுத்தார்கள். உள்ளே இருப்பது வேறு விஷயம். சாக்ஸபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டரின் 'தி சூத்சேயர்' அதில் ஒன்று. 1965இல் பதிவானது. ஃப்ரெடி ஹப்பர்ட், ஜேம்ஸ் ஸ்பால்டிங், மெக்காய் டைனர், ரான் கார்ட்டர், டோனி வில்லியம்ஸ் என்று ஷார்ட்டரோடு சேர்த்து ஆறு பேர். இந்த ஆறு பேரும் ஒரே அறையில் வாசித்த பதிவு பதினான்கு வருஷம் அலமாரியில் தூங்கியிருக்கிறது. லீ மார்கன், ஹாங்க் மோப்லி ஆல்பங்களும் இந்த வரிசையில் உண்டு. அதே கலைஞர்களின் 60களின் முதல் அச்சுகளுக்குக் கேட்கும் விலையில் ஒரு சின்னப் பங்குதான் இவற்றுக்கு.

சரி, தட்டின் நிலை. இணையத்தில் வாங்கும்போது 'குட்' என்று போட்டிருப்பதை நல்ல நிலை என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. விற்பவர்களின் தரவரிசையில் 'குட்' கிட்டத்தட்ட அடிமட்டம். 'வெரி குட்' என்றாலே கொஞ்சம் இரைச்சல் கேட்கும். 'வெரி குட் பிளஸ்' தொடங்கித்தான் நிம்மதி. கடையில் நேரில் பார்க்கும்போது தட்டை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடியுங்கள். மேலோட்டமான மெல்லிய கீறல்களுக்குப் பயப்பட வேண்டாம், அவற்றில் பல காதில் விழாது. பயப்பட வேண்டியது பளபளப்புப் போய் சாம்பல் பூத்த தட்டுக்குத்தான். பழைய கனமான ஊசி பள்ளத்தையே தேய்த்துவிட்ட அடையாளம் அது. எவ்வளவு கழுவினாலும் சரியாகாது. டிரம்பெட் உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் கரகரக்கும். மெதுவான பியானோ ஆல்பம் என்றால் இன்னும் கறாராகப் பாருங்கள், சின்ன இரைச்சல்கூட அதில் துருத்திக்கொண்டு நிற்கும்.

அட்டையில் 'எலக்ட்ரானிக்கலி ரீசேனல்ட் ஃபார் ஸ்டீரியோ' என்று இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். மோனோ (இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும்) பதிவின் அடித்தொனியை ஒரு பக்கமும் மேல்தொனியை இன்னொரு பக்கமும் பிரித்து, சில சமயம் எதிரொலியும் சேர்த்துச் செய்த போலி ஸ்டீரியோ அது. அதே ஆல்பம் மோனோவில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம்.

சி.டி.யை ஏளனமாகப் பார்ப்பதும் வேண்டாம். எல்.பி. தட்டு மோகம் திரும்பி வந்ததில் விலை ஏறியது தட்டுகளுக்குத்தான். 80, 90களில் வந்த ஜாஸ் சி.டி.க்கள் பல கடைகளில் மூலையில் குவிந்து கிடக்கின்றன. ஆனால் எட்டு ஆல்பங்களை நான்கு சி.டி.யில் அடைத்து விற்கும் ஐரோப்பியத் தொகுப்புகளில் கொஞ்சம் கவனம் தேவை. 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு ஐரோப்பாவில் 50 வருஷப் பாதுகாப்பு முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அவற்றை வெளியிடலாம். மூல நாடா அவர்கள் கையில் இருக்காது. பழைய தட்டிலிருந்தோ வேறொரு சி.டி.யிலிருந்தோ எடுத்திருக்கலாம். வாசித்தவர்களின் குடும்பத்துக்கும் காசு போகாது. ஒரு கலைஞரை முதன்முதலில் தெரிந்துகொள்ள இவை போதும். பிடித்துப்போனால் முறையான பதிப்புக்கு மாறிவிடுங்கள்.

விலை சரிதானா என்று பார்க்க, ரெக்கார்டுகள் வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்துக்குப் போவோம். அங்கே விற்பவர்கள் இப்போது கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். இதுவரை என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று தனியாகக் காட்டுவார்கள், அதன் நடுத்தர விலைதான் நமக்குக் கணக்கு. தபால் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, 'ஜாஸ்' என்று எழுதிய பெட்டியோடு நின்றுவிடாதீர்கள். பல கடைகளில் 'வேர்ல்ட் மியூசிக்' பெட்டியிலும் ஜாஸ் சிக்கிக் கிடக்கும், அதிலும் நம் ஊர்ப் பெயர் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எல். சுப்ரமணியம் பிரெஞ்சு வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு வாசித்த 'கான்வர்சேஷன்ஸ்', அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு செய்த 'ஜோதி' இரண்டும் 80களில் வந்தவை. 'ஜோதி'யில் ஆர். ஏ. ராமமணி பாடப் பாட மரியானோ தொடர்ந்து வரும் இடங்கள் அபாரம். இந்த இரண்டையும் ஜாஸ் பெட்டியில் காணவில்லை என்றால், பக்கத்துப் பெட்டியையும் ஒருமுறை புரட்டிவிட்டு அப்புறம் பில் போடப் போங்கள்.